மொட்டை மாடியில் கத்தி செய்வது: எதில் காசு போடலாம், எதில் போட வேண்டாம்?

மாடிப்பட்டறை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்கு ஒரு காய்கறிக் கத்தி, தோட்ட வேலைக்கு ஒரு தடித்த கத்தி, இரண்டையும் நானே செய்வது என்று இறங்கியிருக்கிறேன். இடம் மொட்டை மாடி. கையில் இருப்பவை: 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர், ஹேக்ஸா, 12 இன்ச் தட்டை அரம் ஒன்று, அரைவட்ட அரம் ஒன்று, கை டிரில், இரண்டு சி-கிளாம்ப். பெல்ட் கிரைண்டர் இப்போதைக்கு எட்டாது.

மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் கழட்டிப் போட்ட லாரி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஒரு துண்டு கிடைத்தது. 10 மி.மீ. கனம். இதிலேயே இரண்டையும் செய்துவிடலாமா? தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பைச் சட்டென்று முக்கிக் கெட்டியாக்குவது) தண்ணீரிலா, எண்ணெயிலா? இன்னும் ஐயாயிரம் ரூபாய் செலவழிக்க முடியும், அதை எதில் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

தாராளமா செய்யலாம் தம்பி. எங்க பக்கம் திருப்பாச்சேத்தி அருவான்னா ஊரு உலகத்துக்கே தெரியும். இப்ப அடிக்கிற அருவால முக்காவாசி லாரி பட்டைதான். பட்டையில இருக்கிற வலு வேற இரும்புல வராது.


டைமேக்கர் எழுதியது:

தோட்டத்துக் கத்திக்கு வைகைக்கரை சொல்வது சரி. காய்கறிக் கத்திக்கு அந்தப் பட்டையைத் தொட வேண்டாம். நான் கோவையில் உலோக அச்சு (டை) செய்யும் பட்டறையில் வேலை செய்கிறவன், தினமும் எஃகோடுதான் பிழைப்பு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சமையல் கத்தியின் முதுகு 2.5 அல்லது 3 மி.மீ. இருந்தால் போதும். உங்களிடம் இருப்பது 10. கொல்லர் அதைக் காய்ச்சி அடித்து மெலிதாக்குவார். அவரிடம் உலை, பட்டடை, சம்மட்டி அடிக்க இன்னொரு ஆள் எல்லாம் இருக்கிறது. நீங்கள் கிரைண்டரை வைத்துக்கொண்டு முக்கால்வாசி இரும்பைத் தேய்த்துத் தூளாக்க வேண்டியிருக்கும். ஃபிளாப் டிஸ்க் ஒவ்வொன்றாகத் தீரும், கரண்ட் போகும், இரும்புத் தூள் மாடி முழுக்கத் துருப்பிடித்துக் கறையாகும். ஓசியில் வந்த பட்டை கடைசியில் விலைக்கு வாங்கிய எஃகைவிட அதிகம் செலவு வைக்கும்.

அடுத்து, பட்டை லாரியின் பாரத்தில் வருடக்கணக்காக வளைந்து நிமிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல் அதற்குள் இருக்கலாம். உங்களுக்கு அது தெரியவருவது தோய்ச்சலில் 'டிக்' என்று சத்தம் கேட்கும்போதுதான். இன்னொன்றும் உண்டு. பட்டை ஸ்பிரிங்காக வேலை செய்வதற்கென்று பதப்படுத்தியது, ராக்வெல் கணக்கில் 45 அளவில்தான் கடினம் இருக்கும். அதை அப்படியே வெட்டித் தேய்த்துக் கூராக்கிவிட்டு 'லாரி பட்டைக் கத்தி' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். தக்காளித் தோலில் அந்தக் கூர் எத்தனை நாள் நிற்கும்? காய்கறிக் கத்திக்கு 58, 60 வேண்டும். அதனால் பட்டையானாலும் மறுபடி தோய்ச்சல் போட்டே ஆக வேண்டும்.

என் பரிந்துரை: ஓஎச்என்எஸ் (ஆயில் ஹார்டனிங் நான்-ஷ்ரிங்கிங்), 3 மி.மீ. தகடு. எண்ணெயில் கெட்டிப்படுகிற டூல் ஸ்டீல் அது, கார்பன் சுமார் 0.9 சதவீதம். அச்சு செய்யும் ஊர்களில் எல்லாம் கிடைக்கும். கோவையில் டூல் ஸ்டீல் கடைகளில் எடையைப் பார்த்து வெட்டிக் கொடுப்பார்கள், சென்னையில் பாரிமுனைப் பக்கம் விசாரியுங்கள். மென்மையான நிலையில்தான் விற்பார்கள். ஹேக்ஸா சுகமாக இறங்கும், அரம் கடிக்கும், டிரில் பிட் உடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது என்ன எஃகு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனை டிகிரிக்குக் காய்ச்சுவது, எதில் முக்குவது என்ற ஊகமே தேவையில்லை. ஐயாயிரத்தில் முதல் ஐந்நூறை இதில் போடுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

டைமேக்கர் சார் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா தெரியாத இரும்புன்னு பயப்பட வேணாம், சோதிக்கிற வழி இருக்கு. பட்டையில ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, நல்லா காய்ச்சி எண்ணெயில முக்கு. ஆறுனதும் வைஸ்ல பிடிச்சு சுத்தியல்ல ஒரு தட்டு. மடங்குனா அது கத்திக்கு ஆகாத இரும்பு. பட்டுனு உடைஞ்சா உடைஞ்ச வாயைப் பாரு. சாம்பல் நிறத்துல மழமழன்னு இருந்தா காய்ச்சுன சூடு சரி. சீனி மாதிரி பொரபொரன்னு மினுங்குனா சூடு மிஞ்சிருச்சு. நல்ல கத்தியைக் கெடுக்குறதுக்கு முன்னாடி துண்டுலயே கத்துக்கலாம். தட்டும்போது கண்ணாடி போடணும், துணியில சுத்திட்டுத் தட்டணும், சில்லு பறக்கும்.


அடுக்களைவாசி எழுதியது:

தம்பி, செய்கிறவர்கள் பேசிவிட்டீர்கள், தினமும் வெட்டுகிறவள் நான் சொல்கிறேன். கையால் செய்த கத்தி என்று எனக்கு இரண்டு முறை பரிசாக வந்தது. பார்க்க அம்சமாக இருந்தது, வெட்டினால் கேரட் பிளந்து தெறித்தது. கூர் இல்லாமல் இல்லை, கூருக்குப் பின்னால் சதை அதிகம். வெங்காயத்தின் உள்ளே இறங்கும் இடம் மெலிதாக இருந்தால்தான் கத்தி. முதுகிலிருந்து கூர் வரைக்கும் முழுதாகச் சரிவு கொடு. பாதியில் தொடங்கும் சரிவு காட்டுக் கத்திக்குத்தான் சரி.

பிடிக்கும் பலகைக்கும் நடுவே விரல் முட்டி இடிக்காத உயரம் வேண்டும், அதற்கு அலகின் அகலம் 45 மி.மீ. இருந்தால் நல்லது. அம்மாவின் கையை ஒரு தாளில் வைத்து வரைந்துகொண்டு பிடியின் நீளத்தை முடிவு செய். அலகின் அடிமூலையைக் கொஞ்சம் உருட்டிவிடு, அது ஆள்காட்டி விரலைக் கிழிக்கும். பிடியில் வேலைப்பாடு எதுவும் வேண்டாம், அதில்தான் மாவும் புளியும் போய் ஒட்டிக்கொள்ளும்.


மாடிப்பட்டறை எழுதியது:

அக்கா, இந்த விவரம் எந்த வீடியோவிலும் வரவில்லை, மிக்க நன்றி. ஓஎச்என்எஸ் வாங்கிவிடுகிறேன். பட்டை தோட்டத்துக் கத்திக்கு இருக்கட்டும்.

பெல்ட் கிரைண்டர் இல்லாமல் முழுச் சரிவு எப்படிக் கொடுப்பது? ஆங்கிள் கிரைண்டரைக் கையில் பிடித்தால் அலை அலையாகத்தான் வருகிறது.


டைமேக்கர் எழுதியது:

அரத்தாலேயே கொடுக்கலாம். கிரைண்டர் வெளிவடிவத்தை வெட்டுவதற்கு மட்டும். சரிவுக்கு ஒரு மரச்சட்டம் செய்துகொள்ளுங்கள், செலவு இருநூறு ரூபாய் தாண்டாது.

ஒன்றரை அடி பலகை. ஒரு ஓரத்தில் செங்குத்தாக நீளமான போல்ட், அதன் தலையில் வளையம் உள்ள ஐ-போல்ட். அரத்தின் கைப்பிடிப் பக்கத்தில் ஒரு நேரான கம்பியைக் கட்டி, அந்தக் கம்பியை வளையத்தில் நுழைத்துவிடுங்கள். கத்தியை மறு ஓரத்தில் சி-கிளாம்பால் இறுக்குங்கள். இனி அரத்தைத் தள்ளினால் எப்போதும் ஒரே கோணத்தில்தான் போகும். வளையத்தை நட்டால் ஏற்றி இறக்கினால் கோணம் மாறும். 3 மி.மீ. தகட்டில் அம்மாவின் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை ஆகும், வியர்க்கும், ஆனால் வருகிற தளம் கண்ணாடிபோல் நேராக இருக்கும். அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லுக்குள் இரும்பு அடைத்தால் வயர் பிரஷ். கரும்பலகைச் சாக்பீஸை அரத்தில் தேய்த்துவிட்டால் அடைப்பு குறையும்.

தொடங்குவதற்கு முன் கூர் வரப்போகும் விளிம்பில் நடுக்கோடு போட வேண்டும். 3 மி.மீ. டிரில் பிட்டை மேஜையில் படுக்கவைத்து, கத்தியையும் பக்கத்தில் தட்டையாக வைத்து, பிட்டின் நுனியால் விளிம்பை ஒரு இழுப்பு இழுங்கள். கத்தியைப் புரட்டிப் போட்டு இன்னொரு இழுப்பு. இரண்டு மெல்லிய கோடு விழும், அந்த இரண்டுக்கும் நடுவேதான் கூர். விளிம்பில் முதலில் மார்க்கர் பேனா மையைத் தடவிக்கொண்டால் கோடு பளிச்சென்று தெரியும்.

தோய்ச்சலுக்கு முன் கூரை முடித்துவிடாதீர்கள். விளிம்பில் முக்கால் மி.மீ.க்குக் குறையாமல் கனம் விட்டுவையுங்கள், காகிதம்போல் மெலிந்தால் முறுக்கிக்கொள்ளும். ரிவெட் ஓட்டைகளை இப்போதே போட்டுவிடுங்கள், கெட்டிப்பட்டபின் சாதாரண பிட் இறங்காது. உப்புத்தாள் 220 வரை போங்கள், கடைசித் தேய்ப்பு நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்காகப் போன ஆழமான கோடுகளில்தான் பிளவு தொடங்கும்.


புதுக்கரண்டி எழுதியது:

சகோ, குறுக்கே வருகிறேன். கத்தி செய்வதற்கு லைசன்ஸ் ஏதாவது வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால் என்ன சொல்வது?


டைமேக்கர் எழுதியது:

ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் வந்த 2016 விதிகள். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதப் பட்டியலுக்குள் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில், அறிவியல் வேலைக்காக வடிவமைத்தவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அம்மாவின் காய்கறிக் கத்தி 7 அங்குலம், சிக்கலே இல்லை. முதல் கத்தியிலேயே வாள் செய்யப் போகிறேன் என்று வருகிறவர்களை நான் ஊக்கப்படுத்துவதில்லை. பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டாம்.

சட்டம் என்றதும் இன்னொன்று. பட்டடைக்கு ரயில் தண்டவாளத் துண்டு தேடுபவர்கள் பலர். பில் இல்லாத தண்டவாளத் துண்டு வீட்டில் இருந்தால் 1966 ரயில்வே சொத்துச் சட்டத்தில் வழக்கு வரும். 5 கிலோ சம்மட்டித் தலையை மரக்கட்டையில் பாதி புதைத்து வைத்தால் சின்ன வேலைக்கு அதுவே நல்ல பட்டடை.


மாடிப்பட்டறை எழுதியது:

அரம் தள்ளும் மரச்சட்டம் செய்தாகிவிட்டது. ஒரு பக்கம் சரிவும் முடிந்தது, மறுபக்கம் பாதி. தளம் உண்மையிலேயே நேராக வருகிறது. இப்போது தோய்ச்சல் பற்றிக் கேட்கிறேன். மாமா 'தண்ணியில முக்கு, அதான் கெட்டி' என்கிறார். வைகைக்கரை அண்ணே, உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? என்னிடம் தெர்மோமீட்டர் இல்லை, ஆயிரம் டிகிரி அளக்கும் கருவி விலை அதிகம்.


வைகைக்கரை எழுதியது:

எங்க பெரியப்பா உலைக்களத்துல தண்ணிதான். ஆனா எப்படின்னு பாக்கணும் தம்பி. முழு அருவாளையும் தண்ணிக்குள்ள போட மாட்டாரு. வாய்ப்பக்கம் ஒரு விரக்கடை மட்டும் தண்ணியில படும், முதுகு சிவப்பாவே வெளிய இருக்கும். எடுத்து மண்ணுல ஒரு தேய் தேய்ப்பாரு, இரும்பு வெள்ளையாத் தெரியும். அப்புறம் உத்துப் பாத்துக்கிட்டே இருப்பாரு. முதுகுல மிச்சம் இருக்கிற சூடு வாய்ப்பக்கம் ஓடியாரும், கூடவே நிறமும் ஓடியாரும். முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா. எந்த நிறம் வாயைத் தொடும்போது திரும்ப முக்கணுங்கிறதுதான் வித்தை. நெல்லறுக்கிற அருவாளுக்கு ஒண்ணு, முள்ளு வெட்டுற அருவாளுக்கு ஒண்ணு. ரெண்டு மூணு வினாடி பிசகுனா போச்சு.

அது ஆயுசு முழுக்க நின்னு பழகுன கண்ணு. மெல்லிசான காய்கறிக் கத்தியைத் தண்ணியில போட்டா வெடிச்சிரும். உனக்கு எண்ணெய்தான்.


டைமேக்கர் எழுதியது:

வைகைக்கரை எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். கெட்டிப்படுத்துவதும் இளக்குவதும் (மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) ஒரே சூட்டில் முடிகிறது. புத்தகத்தில் இரண்டு தனி அத்தியாயமாக இருப்பது அது.

நம் கதைக்கு வருவோம். ஓஎச்என்எஸ் எண்ணெய்க்கென்றே உருவான எஃகு, பெயரிலேயே இருக்கிறது. வேண்டிய சூடு சுமார் 800 டிகிரி. அதை அளக்க இரண்டு வழி. முதலாவது காந்தம். இரும்பு 770 டிகிரி அளவில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். அதற்கு இரண்டாவது வழி, சமையல் உப்பு. உப்பு உருகும் சூடு 801 டிகிரி. கத்திக்குப் பக்கத்திலேயே அதே தகட்டின் ஒரு வெட்டுத் துண்டை வைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூள் உப்பு போடுங்கள். உப்பு உருகிக் கண்ணாடித் துளியாகப் பளபளக்கிற நேரம், கத்தியும் அதே நிறத்தில் இருந்தால் வேண்டிய சூடு வந்துவிட்டது. கல்லுப்பு வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரத்தால் வெடித்துத் தெறிக்கும்.

பொழுது சாய்ந்தபின் செய்யுங்கள். உச்சி வெயிலில் 800 டிகிரி இரும்பு கறுப்பாகத்தான் தெரியும், இன்னும் ஏறவில்லை என்று நினைத்து மிஞ்சவிடுவீர்கள். மங்கல் வெளிச்சத்தில் கவனித்தால் சூடு ஏறும்போது அலகின் சிவப்புக்குள் ஒரு நிழல் மெல்ல நகர்ந்து மறைவதைப் பார்க்கலாம். உள்ளே கட்டமைப்பு மாறும்போது இரும்பு வெப்பத்தை விழுங்குவதால் வருவது அது. நிழல் முழுதும் போன பிறகு நான்கைந்து நிமிடம் அதே சூட்டில் நிறுத்துங்கள். ஓஎச்என்எஸ்ஸுக்கு அந்த நிற்கும் நேரம் தேவை.

அடுப்புக்கு ஒரு பழைய இரும்புச் சட்டி, உள்ளே களிமண் பூச்சு, நடுவே ஓட்டை போட்ட குழாய், மறுமுனையில் ஹேர் டிரையர். குழாய் சாதாரண இரும்பாக இருக்கட்டும், ஜிஐ குழாய் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் எரிந்து வரும் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். கரிக்கு கொட்டாங்குச்சிக் கரி அல்லது சீமைக்கருவேலங்கரி. காற்றை மெதுவாக விடுங்கள். நுனி முதலில் காயும், அதை அடிக்கடி வெளியே இழுத்துச் சமப்படுத்துங்கள்.

எண்ணெய்க்கு சாதாரண கடலை எண்ணெய் 2, 3 லிட்டர். ஒரு இரும்புத் துண்டைக் காய்ச்சிப் போட்டு 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெயைவிட வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடும், வேகமாகச் சூட்டை இழுக்கும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதில்லை. பாத்திரம் உயரமான எவர்சில்வர் தூக்கு, மூடியோடு. தீப்பிடித்தால் மூடியைப் போட்டால் அணைந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் மாடி முழுக்கப் பரவும். பிளாஸ்டிக் வாளி பக்கத்திலேயே வரக்கூடாது.

நுனி கீழே, நேராக, ஒரே இறக்கம். உள்ளே வெட்டுகிற திசையில் முன்பின் அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். ஆறியதும் அரத்தை விளிம்பில் வைத்துத் தள்ளுங்கள். கடிக்காமல் வழுக்கினால் கெட்டிப்பட்டது.


அடுக்களைவாசி எழுதியது:

கேக் செய்கிற ஓடிஜி வீட்டில் இருக்கிறதா தம்பி? அதைத் தயாராக வைத்துக்கொள். என் வீட்டுக்காரர் அதில்தான் இளக்குவார். முள் 200-இல் நின்றாலும் உள்ளே 180-க்கும் 230-க்கும் நடுவே ஊசலாடும். ஒரு தட்டில் மணலைப் பரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்து வைத்தால் அந்த ஆட்டம் கத்திக்குத் தெரியாது. அடுப்புக்குள் வைக்கும் சின்ன தெர்மோமீட்டர் மலிவாகக் கிடைக்கும், வாங்கிக்கொள். எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வை, இல்லாவிட்டால் அடுத்த கேக்கில் வாடை வரும்.


டைமேக்கர் எழுதியது:

அருமை. 200 டிகிரி, இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தோய்ச்சல் போட்ட அன்றே செய்துவிட வேண்டும். இளக்காத கத்தி கண்ணாடிக்குச் சமம், இரவில் தானாகவே வெடித்ததைப் பார்த்திருக்கிறேன், கீழே விழுந்தால் இரண்டு துண்டு. சரியாக இளகியபின் தேய்த்துப் பார்த்தால் வெளிறிய வைக்கோல் நிறம் தெரியும். இதற்குப் பிறகு கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். விளிம்பில் நீலம் படர்ந்துவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

கரி அடுப்பில் நம்பிக்கை இல்லையென்றால் வெட்கப்படாமல் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் கொடுங்கள். கோவை, ஓசூர், அம்பத்தூர் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஓஎச்என்எஸ், 58 முதல் 60 என்று சொன்னால் போதும், வேறு அச்சுகளோடு சேர்த்துப் போட்டுத் தருவார்கள். ஸ்டெயின்லெஸ் கத்தி செய்வதென்றால் அது ஒன்றுதான் வழி. அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் துல்லியமாக நிறுத்த வேண்டும், கரி அடுப்பில் நடக்காது.


உப்பங்காற்று எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து. கடலோரத்தில் கார்பன் எஃகு கத்தி ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகிவிடும். கழுவியதும் துடை, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவு. மாங்காயும் வெங்காயமும் வெட்ட வெட்ட நீலச் சாம்பல் நிறம் படியும், அதைப் புளி போட்டுத் தேய்த்து வெளுக்காதீர்கள். அந்தப் படிவுதான் துருவைத் தடுக்கும்.

பிடிக்கு பழைய தேக்கு நாற்காலிக் கால் அல்லது பூவரசு. பித்தளைக் கம்பி ரிவெட், மெதுவாக இறுகும் அரால்டைட். ஒட்டும் இரண்டு முகத்தையும் கரடாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். மேலே டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், பெயின்ட் கடையில் கிடைக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. கிரைண்டர்ல கார்டை (சக்கரத்தை மூடியிருக்கிற தகடு) கழட்டாத தம்பி. நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துற சக்கரம், உடைஞ்சா எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. லுங்கி கட்டிக்கிட்டு நிக்காத, பேன்ட், ஷூ, கண்ணாடி, மாஸ்க். கடைசித் தேய்ப்புல பறக்குற பொடி கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குத் தெரியும்.


மாடிப்பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செலவுக் கணக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன்: தகடு, கூடுதலாக ஒரு நல்ல அரம், உப்புத்தாள், கடலை எண்ணெய், கண்ணாடி, மாஸ்க், ஓடிஜி தெர்மோமீட்டர், இரண்டு பக்கச் சாணைக்கல் ஒன்று. இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஐயாயிரத்தில் பாதிகூட ஆகாது போலிருக்கிறது. அம்மாவின் கத்தியை ஞாயிறு மாலை தோய்ச்சல் போடுகிறேன். அதற்கு முன் வைகைக்கரை அண்ணன் சொன்னபடி வெட்டுத் துண்டில் ஒத்திகை பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று: சாணை எந்தக் கோணம்?


அடுக்களைவாசி எழுதியது:

ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி. முருங்கைக்காய், பூசணி எல்லாம் இதே கத்தியில்தான் அம்மா வெட்டுவார் என்றால் 18 வை. முதலில் கரடான பக்கம். மறுபக்கத்தில் நீளமாக ஒரு பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை விடாமல் தேய், பிறகுதான் திருப்பு. பிசிறு வராமல் பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் கூர் வராது. அப்புறம் மென்மையான பக்கம், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழு. செய்தித்தாளில் சோதிக்காதே, பழுத்த தக்காளியில் அழுத்தாமல் வைத்துப் பார்.


டைமேக்கர் எழுதியது:

ஒத்திகைத் துண்டு உடைந்ததும் உடைந்த வாயை நெருக்கமாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். அதைப் பார்த்துச் சூடு சரியா என்று சொல்கிறேன், பிறகு கத்தியை அடுப்பில் வையுங்கள்.